வளர்ப்பதா, வாங்குவதா? காற்பந்துக் கிளப்புகள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை காலையில், சிங்கப்பூரில் எங்கள் பேட்டைத் திடலில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஓட வைப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, முடிந்ததும் ஒரு தே தாரிக் உண்டு. திடல் ஓரத்தில் நிற்கும் அப்பாக்களும் சரி, அன்றிரவு காப்பிக்கடைத் தொலைக்காட்சி முன்னால் உட்காரும் நண்பர்களும் சரி, கேட்பது இதே கேள்விகளைத்தான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடித்து விரல் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, பசங்கள வளர்க்கிறது நல்லதா, ஸ்டார வாங்குறது நல்லதா? ஒரே வரியில சொல்லுங்க.

தன் அணியில் எங்கே ஓட்டை என்று தெரிந்து வாங்கும் கிளப் பிழைக்கும், இளைஞனை உண்மையான ஆட்டத்தில் இறக்கும் கிளப்தான் வளர்க்கிறது, இரண்டில் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்தால் காசு போகும். ஒரு வரிக்குக் கொஞ்சம் நீளம்தான்.

அகாடமி, அதாவது சிறுவர்களைப் பயிற்றும் பள்ளி, இருக்கிறது என்று பெருமையடிக்கும் எந்தக் கிளப்பிடமும் நான் கேட்பது இதுதான்: போன பருவத்தில் உங்கள் பையன் பெரிய அணிக்கு எத்தனை நிமிடம் ஆடினான்? பளபளவென்று கட்டடம் இருக்கும், புல்தரை இருக்கும், சத்துணவு ஆலோசகர் இருப்பார். நிமிடம் இருக்காது. இந்த 'நிமிடம்' கீழே பல பதில்களில் திரும்ப வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அகாடமின்னா என்ன, நம்ம டியூஷன் சென்டர் மாதிரியா?

பாதி அப்படித்தான். ஆனால் டியூஷனுக்கு நாம் காசு கட்டுகிறோம், பெரிய கிளப்பின் அகாடமியில் கிளப்தான் செலவு செய்கிறது. இங்கிலாந்தில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிரிவிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் சிலரைக் கழித்துவிடுவார்கள், அதுதான் கொடுமையான பகுதி. பத்து ஆண்டு பயின்ற பையன்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கிளப்பின் பெரிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடுவதில்லை.

பார்சிலோனாவின் லா மாசியா 1979-ல் வெளியூர்ப் பையன்கள் தங்கிப் பயில்வதற்கான இடமாகத் தொடங்கியது. மெஸ்ஸி 13 வயதில் அர்ஜென்டினாவிலிருந்து அங்கே வந்தார். 2010-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு இறுதியில் நின்ற மூவரும், மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி, அங்கே வளர்ந்தவர்கள். அது அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் அகாடமி கட்டக் கிளம்பினார்கள்.

ஒரு ஆளுக்கு 222 மில்லியன் யூரோவா? அந்தக் காசெல்லாம் அவன் பாக்கெட்டுக்கா போகுது?

இல்லை. 2017-ல் பிரேசில் ஆட்டக்காரர் நெய்மாருக்காகப் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி கொடுத்த 222 மில்லியன், பார்சிலோனாவுடன் அவருக்கு இருந்த ஒப்பந்தத்தை முறிப்பதற்கான விலை. அது பார்சிலோனாவுக்குப் போனது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் தனி, ஏஜென்ட் கமிஷன் தனி.

பலருக்குத் தெரியாத ஒன்று: நாடு விட்டு நாடு நடக்கும் விற்பனையில் 5 விழுக்காட்டை, அந்த ஆட்டக்காரர் 12 வயதிலிருந்து 23 வயது வரை பயின்ற கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 10 மில்லியன் விற்பனை என்றால் 5 இலட்சம். எங்கோ ஒரு குக்கிராமக் கிளப்புக்கு அது இரண்டு மூன்று ஆண்டுச் செலவு. வளர்த்தவனுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்ற எண்ணம்தான், என்னைக் கேட்டால் 5 போதாது.

பார்சிலோனா ஒரு தடவை பதினோரு பேரையும் சொந்தப் பசங்களா இறக்குச்சாமே, உண்மையா?

உண்மைதான். 2012 நவம்பரில் லெவான்டேவுக்கு எதிரான ஆட்டம். தொடக்கத்திலேயே டானி ஆல்வெஸ் காயப்பட்டு மோன்டோயா உள்ளே வந்ததும், களத்தில் நின்ற பதினொருவரும் லா மாசியா பிள்ளைகள். 4-0 என்று வென்றார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். பிக்கே 2008-ல் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து திரும்ப வாங்கப்பட்டவர், ஃபாப்ரிகாஸ் 2011-ல் ஆர்சனலிலிருந்து, ஜோர்டி ஆல்பா 2012-ல் வலென்சியாவிலிருந்து. தான் வளர்த்து, விட்டுவிட்டு, பிறகு காசு கொடுத்துக் கூட்டி வந்த மூன்று பேர். வளர்ப்பும் வாங்கலும் ஒன்றுக்கொன்று எதிரி என்று சொல்பவர்களிடம் நான் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

நெய்மார வித்த காசுல அவங்க இன்னும் பெரிய டீம் ஆயிருக்கணுமே?

ஆகியிருக்க வேண்டும்தான். கையில் 222 மில்லியன் இருப்பது ஊருக்கே தெரியும்போது யார் குறைந்த விலைக்கு விற்பார்கள்? டெம்பேலேக்கு 105 மில்லியன் யூரோ, அதற்கு மேல் கூடுதல் தொகை. கூட்டினோவுக்கு அதையும் தாண்டி. இந்த கூட்டினோவை பாயர்ன் மியூனிக்குக்கு இரவல் கொடுத்திருந்தபோதுதான், 2020-ல் பாயர்ன் 8-2 என்று பார்சிலோனாவை வீழ்த்திய ஆட்டத்தில் அவர் கடைசியாக வந்து இரண்டு கோல் அடித்தார். நாம் காசு கொடுத்து வாங்கிய ஆள் நம் வலைக்குள்ளேயே பந்தைப் போடுகிறான்!

அப்புறம் கடன் கழுத்துக்கு வந்து, சம்பள வரம்பு விதியால் 2021-ல் மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. வாங்கக் காசில்லாததால் மறுபடி வீட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள். லாமின் யமால் 2023 ஏப்ரலில், 15 வயதில் முதல் ஆட்டம் ஆடினார். பார்சிலோனா வசதியாக இருந்திருந்தால் அந்தப் பையனுக்கு அவ்வளவு சீக்கிரம் அவ்வளவு நிமிடம் கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

"பொடிப் பசங்கள வச்சு ஒண்ணும் ஜெயிக்க முடியாது"ன்னு டிவியில ஒருத்தர் சொல்லி மாட்டிக்கிட்டாரே, யாரு அவரு?

ஆலன் ஹான்சன், லிவர்பூலின் முன்னாள் தற்காப்பு ஆட்டக்காரர். 1995 ஆகஸ்டில், பருவத்தின் முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று ஆஸ்டன் வில்லாவிடம் தோற்ற இரவு சொன்னது. அந்தக் கோடையில் இன்ஸ், ஹியூஸ், கன்செல்ஸ்கிஸ் மூவரையும் அனுப்பிவிட்டு நெவில் சகோதரர்கள், பட், ஸ்கோல்ஸ், பெக்காம் ஆகியோரை நம்பினார் பயிற்றுவிப்பாளர் ஃபெர்குசன். அந்தப் பருவத்தில் லீக், எஃப்ஏ கிண்ணம் இரண்டுமே யுனைடெட்டுக்கு.

ஆனால் ஹான்சனை ரொம்பக் கிண்டல் செய்யாதீர்கள். பின்னால் ஷ்மைக்கல், நடுவில் ராய் கீன், முன்னால் கான்டோனா, மூவரும் வாங்கப்பட்டவர்கள். லிவர்பூலுக்கு எதிரான அந்தக் கிண்ண இறுதியில் ஒரே கோலை அடித்ததும் கான்டோனாதான். பொடிப் பசங்களைச் சுற்றி முதிர்ந்த ஆட்கள் நின்றார்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

ரியல் மட்ரிட் ஸ்டார வாங்கி வாங்கித்தானே ஜெயிச்சுச்சு?

ஜெயித்தது, தோற்கவும் செய்தது. 2000-ல் ஃபிகோ, 2001-ல் ஸிடான், 2002-ல் பிரேசிலின் ரொனால்டோ, 2003-ல் பெக்காம் என்று ஆண்டுக்கு ஒரு சுவரொட்டி முகம். 2002-ல் ஐரோப்பியக் கிண்ணமான சாம்பியன்ஸ் லீக், 2003-ல் ஸ்பெயின் லீக். பெக்காம் வந்த அதே கோடையில், எல்லார் பின்னாலும் ஓடிப் பந்தைப் பறித்துக் கொடுத்த மெக்கலேலே கூடுதல் சம்பளம் கேட்டார், கிடைக்கவில்லை, செல்சிக்குப் போய்விட்டார். அதன் பிறகு 2007 வரை லீக்கும் இல்லை, ஐரோப்பியக் கிண்ணமும் இல்லை. கல்யாண வீட்டில் நாகஸ்வரத்துக்கு நான்கு பேரை வைத்துவிட்டுத் தவில்காரரை அனுப்பிவிட்ட கதை.

இப்போது அவர்கள் வேறு மாதிரி வாங்குகிறார்கள். வினீசியஸுக்கு 16 வயதாக இருந்தபோதே, 2017-ல், பேசி முடித்தார்கள், 18 ஆனதும் ஸ்பெயின் வந்தார், ஆரம்பத்தில் கோல் வாயில் தடுமாறியபோதும் ஆட விட்டார்கள். 2022, 2024 இரண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்களிலும் கோல் அடித்தார். இதை வாங்கினது என்பீர்களா, வளர்த்தது என்பீர்களா?

பிஎஸ்ஜிய பாருங்க, மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூணு பேரும் போனப்புறம்தான் கிண்ணம் வந்துச்சு. அப்ப வளர்ப்புதானே ஜெயிச்சுது?

காப்பிக்கடையில் இதற்காக ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. 2025 மே 31, மியூனிக், சாம்பியன்ஸ் லீக் இறுதி, இன்டர் மிலானை 5-0. இரண்டு கோல் அடித்த டூவேவுக்கு 19 வயது, ஐந்தாவது கோல் அடித்த மாயுலுவுக்கும் 19. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த இருவரில் மாயுலு மட்டும்தான் பிஎஸ்ஜி அகாடமிப் பையன், அவரும் மாற்று ஆட்டக்காரராக வந்தவர். டூவேயை முந்தைய ஆண்டுதான் ரென் கிளப்பிலிருந்து 50 மில்லியன் யூரோவுக்கு வாங்கினார்கள். தொடக்கத்தில் இறங்கிய பதினொருவரில் சொந்த அகாடமியில் வளர்ந்தவர் ஒருவரும் இல்லை. பெயரை வாங்குவதை விட்டுவிட்டு ஓடுகிற ஆளை வாங்கினார்கள், மாற்றம் அதுதான். பார்சிலோனாவில் பாதி நாள் காயத்தில் கிடந்த அதே டெம்பேலே இங்கே முன்வரிசையில் நின்று எதிரணி கோல்கீப்பரைத் துரத்தித் துரத்தி ஓடினார்.

அகாடமி விஷயத்தில் பிஎஸ்ஜிக்கு ஒரு பழைய காயமும் உண்டு. கிங்ஸ்லி கோமான் பாரிஸில் பிறந்து பிஎஸ்ஜியிலேயே வளர்ந்தவர். நிமிடம் கிடைக்காமல் 18 வயதில் ஒப்பந்தம் முடிந்து போனார். 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பாயர்ன் 1-0 என்று பிஎஸ்ஜியை வென்றபோது அந்த ஒரு கோல் அவருடையது.

செல்சி ஏன் நல்லா ஆடுற சொந்தப் பையன வித்துட்டு வெளிய இருந்து வாங்குது? பைத்தியமா?

கணக்குப் புத்தகம்தான் காரணம். ஒருவரை 100 மில்லியனுக்கு வாங்கி ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டால், புத்தகத்தில் ஆண்டுக்கு 20 மில்லியன் செலவு என்று பிரித்து எழுதலாம். ஒப்பந்தம் எட்டரை ஆண்டு என்றால் இன்னும் மெல்லியதாகப் பிரியும். 2023 ஜனவரியில் 106.8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கிய என்ஸோ ஃபெர்னாண்டஸுக்குச் செல்சி செய்தது அதுதான். வகுக்கக்கூடியது ஐந்தாண்டு மட்டுமே என்று பிறகு விதியை இறுக்கினார்கள்.

சொந்த அகாடமிப் பையனுக்கோ புத்தகத்தில் வாங்கிய விலை பூஜ்யம். விற்கும்போது வருவது முழுக்க இலாபம், அதுவும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே. 2021-ல் சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியிலிருந்த மேசன் மவுன்ட் 2023-ல் 55 மில்லியன் பவுண்டுக்கு யுனைடெட்டுக்குப் போனார். பிரிமியர் லீக்கில் மூன்று ஆண்டு நட்டம் 105 மில்லியன் பவுண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அப்போது இருந்ததால் இந்த ஆசை இன்னும் அதிகமானது. நட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த விதி, வளர்த்த பிள்ளையை விற்றால் பரிசு என்று ஆகிவிட்டது. விதி எழுதியவர்கள் இதை யோசிக்கவே இல்லையா என்று எனக்குக் கோபம் வரும்.

அப்ப சின்ன கிளப்புக்கு வளர்க்கிறதுதான் ஒரே வழியா?

பிரென்ட்ஃபோர்ட் 2016-ல் தன் அகாடமியையே மூடிவிட்டது. வளர்க்கிற பையனுக்கு 16 வயது ஆனதும் பெரிய கிளப் வந்து சொற்பத் தொகை கொடுத்துக் கூட்டிப் போய்விடுகிறது, பிறகு நமக்கு எதற்கு இந்தச் செலவு என்று கணக்குப் போட்டார்கள். மற்ற கிளப்புகள் கழித்துவிட்ட பையன்களைச் சேர்த்து ஒரு இரண்டாம் அணி நடத்தினார்கள். 2021-ல் பிரிமியர் லீக்குக்கு ஏறிய பிறகு அகாடமியை மறுபடி திறந்தார்கள்.

அயாக்ஸ் நேர்மாறு. 1995-ல் 18 வயது க்ளைவர்ட் கோல் அடித்து ஐரோப்பியக் கிண்ணம் வென்ற கிளப், 2019-ல் மறுபடி இளைஞர்களோடு அரையிறுதி வரை போனது. அந்தக் கோடையிலேயே டி யோங் பார்சிலோனாவுக்கு, டி லிக்ட் யுவென்டஸுக்கு, ஆளுக்கு 75 மில்லியன் யூரோ. பெட்டி நிறைந்தது, அணி கலைந்தது. சவுத்ஹாம்ப்டன் நிலை இன்னும் பாவம்: பேல், வால்காட், லூக் ஷா என்று ஊருக்கெல்லாம் வளர்த்துக் கொடுத்துவிட்டு 2023-லும் 2025-லும் கீழே இறங்கியது.

பில்பாவ் கிளப்பு சொந்த ஊர் ஆள மட்டுமே வச்சு ஆடுதே, அவங்களால முடியறது மத்தவங்களால ஏன் முடியல?

அத்லெடிக் பில்பாவ் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்களை அல்லது அங்கே வளர்ந்தவர்களைத்தான் சேர்க்கும். லீக்கிலிருந்து ஒருமுறைகூட இறங்கியதில்லை. 2024-ல் 40 ஆண்டு கழித்து ஸ்பெயின் மன்னர் கிண்ணத்தை வென்றது. ஆனால் அவர்களும் வாங்குகிறார்கள், பக்கத்து ரியல் சோசியடாட்டிலிருந்து இனிகோ மார்டினஸை 2018-ல் 32 மில்லியன் யூரோவுக்கு வாங்கியதைப் போல. கடை சின்னது என்பதால் விலையும் ஏறும்.

அங்கே ரசிகர்கள் அந்தக் கிண்ணத்துக்காக 40 ஆண்டு பொறுத்தார்கள். இங்கே நாம் மூன்று ஆட்டம் தோற்றால் பயிற்றுவிப்பாளரை மாற்று என்கிறோம்.

வலென்சியாவ வாங்கினது நம்ம ஊர்க்காரர்தானே, அங்க என்ன ஆச்சு?

பீட்டர் லிம் 2014-ல் அந்தக் கிளப்பின் பெரும்பங்கை வாங்கினார். 2019-ல் மன்னர் கிண்ணம் வென்றது, சில மாதத்தில் அதை வென்று கொடுத்த பயிற்றுவிப்பாளர் மார்செலினோ நீக்கப்பட்டார். 2020-ல் சொந்த அகாடமிப் பையன் ஃபெரான் டோரஸ் மான்செஸ்டர் சிட்டிக்கு, 2022-ல் கார்லோஸ் சோலர் பிஎஸ்ஜிக்கு. பத்து வயதிலிருந்து வளர்த்த கொரியப் பையன் லீ காங் இன் 2021-ல் ஒரு காசும் வாங்காமல் மயோர்காவுக்கு விடப்பட்டார், 2025-ல் கிண்ணம் வென்ற பிஎஸ்ஜி குழுவில் அவரும் இருந்தார். ரசிகர்கள் 'லிம் வெளியேறு' என்று பதாகை பிடித்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வளர்ப்பது நன்றாக நடந்த இடம்தான், வளர்ந்தவர்களை எப்போது, என்ன விலைக்கு விடுவது என்பதில்தான் சறுக்கல்.

சரி, நம்ம லீக்குக்கு வாங்க. வெளிநாட்டு ஸ்டார் வந்தாத்தான் ஜனம் வரும்னு சொல்றாங்களே?

கொஞ்சம் வரும். 1996-ல் எஸ் லீக்கின் முதல் பருவத்தில் கேலாங் அணிக்கு ஈரானின் காக்பூரும் எஸ்டிலியும் ஆடினார்கள், கேலாங்தான் வாகை சூடியது. இரண்டு ஆண்டு கழித்து இருவரும் உலகக் கிண்ணத்தில் ஈரானுக்கு ஆடினார்கள். பக்கத்தில் நின்று பயிற்சி செய்த உள்ளூர்ப் பையனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். 2016-ல் லிவர்பூலின் பழைய ஆட்டக்காரர் ஜெர்மெய்ன் பென்னன்ட் தெம்பனிஸ் ரோவர்ஸுக்கு வந்தார். கூட்டம் வந்தது, படம் எடுத்தது, ஒரு பருவம் முடிந்ததும் அவர் போனார்.

லயன் சிட்டி செய்லர்ஸ் 2020-ல் தனியார் கிளப் ஆனது. அடுத்த ஆண்டே டியேகோ லோபெஸுக்கு ஏறத்தாழ 29 இலட்சம் வெள்ளி கொடுத்ததாகச் செய்தி வந்தது, இங்கே அதுவரை கேள்விப்படாத தொகை. அந்த ஆண்டு லீக் வென்றார்கள். 2025 மே மாதம் பீஷானில் ஆசியாவின் இரண்டாம் நிலை சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் வரை போய், கடைசி நிமிடங்களில் சமன் செய்து, அதற்கும் பிறகு ஷார்ஜாவிடம் 2-1 என்று தோற்றார்கள். அன்றிரவு பேருந்தில் யாரும் பேசவில்லை. அவர்கள் அகாடமிக்கும் செலவு செய்கிறார்கள், அதனால் வெறும் காசுக் கிளப் என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் என் பழைய கேள்வி அவர்களுக்கும் உண்டு: எத்தனை நிமிடம்?

அந்தக் காலத்துல காசே இல்லாம மலேசியக் கிண்ணம் ஜெயிச்சமே, இப்ப என்ன கேடு?

கேட்டவர் 70 வயது மாமா, அவரிடம் வாதாட முடியாது. 1977-ல் சூ செங் குவீ பயிற்சியில் குவா கிம் சாங், டோல்லா காசிம், வளைந்து போகும் 'பனானா கிக்' எஸ். ராஜகோபால் எல்லாரும் இங்கே திடலில் வளர்ந்தவர்கள்தான், உண்மை. ஆனால் 1994-ல் இரட்டைக் கிண்ணம் வென்ற அணியில் ஃபாண்டி அஹ்மதோடு ஆஸ்திரேலியாவின் அப்பாஸ் சாத் இருந்தார், பாஹாங்கை 4-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் அவர்தான் மூன்று கோல். மாமா இதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

வெளிநாட்டுக்காரருக்குக் குடியுரிமை குடுத்து தேசிய அணியில சேர்க்கிறதும் வாங்குறதுதானே?

ஆளைப் பொறுத்தது. போஸ்னியாவில் பிறந்த டூரிச் போன்றவர்கள் முதிர்ந்த வயதில் குடியுரிமை பெற்று ஆடினார்கள், கிண்ணங்கள் வந்தன, அவர்களுக்குப் பின்னால் யார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. சாங் உய் யங் வேறு. 2012-ல் இளைஞனாகக் கொரியாவிலிருந்து இங்கே வந்து, ஹோம் யுனைடெட்டில் படிப்படியாக ஏறி, 2021-ல் குடியுரிமை பெற்றார். கோவாவில் இந்தியாவை 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையது. அடுத்த மாதம், 2025 நவம்பரில், ஹாங்காங்கை 2-1 என்று வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தில் கோல் போட்டவர்கள் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும். கலவைதான் இங்கேயும்.

தேசிய சேவை இருக்கிற வரைக்கும் இங்க யாரையும் வளர்க்க முடியாதுங்கிறேன், சரியா?

பாதி சரி. ஐரோப்பாவில் ஒரு பையனுக்கு நிமிடம் கிடைக்கத் தொடங்கும் அதே 18 வயதில்தான் நம் பையன் முடி வெட்டிக்கொண்டு கட்டாய ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகிறான். 2018-ல் ஃபுல்ஹாமில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற பென் டேவிஸ் சேவையைத் தள்ளிவைக்கக் கேட்டதைத் தற்காப்பு அமைச்சு ஏற்கவில்லை. நானும் சேவை செய்தவன். எல்லாருக்கும் ஒரே விதி என்பதன் பலமும் புரிகிறது, அந்தப் பையனின் வயிற்றெரிச்சலும் புரிகிறது.

ஆனால் 18 வயதுக்கு முன்னால் நடப்பதற்குச் சேவை காரணம் இல்லை. 2018-ல் 23 வயதுக்குட்பட்டவர்களைத் தொடக்க அணியில் இறக்கியே ஆகவேண்டும் என்று நம் லீக்கில் விதி போட்டார்கள். விதிக்காக இறக்கப்படும் பையன் ஆட்டம் எப்படி ஆடுவான்? தவறு செய்தால் அடுத்த வாரமும் எனக்கு இடம் உண்டு என்று தெரிந்தவன்தான் தைரியமாகப் பந்தைக் கேட்பான்.

என் பையனுக்கு 11 வயசு, அடுத்த வருஷம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி கடைசிப் பரீட்சை. அகாடமில சேர்க்கவா வேணாமா?

சேருங்கள், ஆனால் இரண்டாவது பதிலை மறுபடி படித்துவிட்டுச் சேருங்கள். பார்க்கப் போகும்போது கிண்ணங்கள் வைத்திருக்கும் அலமாரியைப் பார்க்காதீர்கள். பயிற்சி நேரத்தில் ஒரு பிள்ளை எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணுங்கள், எத்தனை நேரம் வரிசையில் நிற்கிறான் என்றும் பாருங்கள். வார இறுதி ஆட்டத்தில் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் உள்ளே வருகிறார்களா என்று கவனியுங்கள். தேர்வு ஆண்டில் முழுக்க நிறுத்திவிடாமல் வாரம் ஒரு நாளாவது விடுங்கள், ஆறு மாதம் பந்தைத் தொடாதவன் திரும்பி வரும்போது எவ்வளவு தயங்குகிறான் என்று நான் பார்க்கிறேன்.

கடைசியா ஒண்ணு. நீங்க எந்த டீம்ணே?

லிவர்பூல். கூட்டினோவை விற்ற காசு வந்த அதே ஆண்டில் வான் டைக்கையும் அலிஸனையும் வாங்கிய கிளப். ஆறு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்த ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-அர்னால்ட் 2025-ல் ரியல் மட்ரிட்டுக்குக் கிளம்பியபோது என் மகன் சட்டையைக் கழற்றி அலமாரியின் அடியில் போட்டுவிட்டான். அந்தக் கோடையிலேயே விர்ட்ஸ் வந்தார், புதுச் சட்டை கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.